வெள்ளம் வடிஞ்ச பிறகுதான் நோய் வரும்... மழைக்கு முன்னாடியே வீட்டில் என்னென்ன ரெடியா இருக்கணும்?

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பல ஊர்கள் தனித்தீவாகின. அந்த மாதிரி நேரத்தில் வீடு தேடி படகு வரலாம், மெடிக்கல் ஷாப் வராதே! தினசரி மாத்திரையை நம்பி வாழ்பவர்களுக்கு அதுதான் முதல் சிக்கல்.

மாத்திரை எத்தனை நாளைக்கு?

பிபி, சுகர், இதயம், வலிப்பு, தைராய்டு என எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும், மழைக்காலம் முழுக்க குறைந்தது 2 வாரத்துக்கானது கையிருப்பில் இருக்கட்டும். டாக்டர் சீட்டை போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பிடுங்க. சீட்டு நனைந்து போனாலும் மருந்தின் பெயரும் அளவும் கையில் இருக்கும்.

கரன்ட் போனால் இன்சுலின் என்ன ஆகும் என்பது பலரின் பயம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும் (எத்தனை நாள் என்பது வகைக்கு வகை மாறும், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும்). பிரிக்காத பாட்டில்களை தண்ணீர் புகாத டப்பாவில் மூடி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம். ஐஸ்கட்டி மேல் நேரடியாக வைக்கவே கூடாது; உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

டயாலிசிஸ் செய்பவர்களும், பிரசவ தேதி நெருங்கியவர்களும் மழை எச்சரிக்கை வந்த உடனேயே மருத்துவமனையிடம் பேசிவிட வேண்டும். தெருவில் தண்ணீர் ஏறிய பிறகு யோசிச்சா லேட்.

தண்ணீரை எப்படி நம்புறது?

சாக்கடை கலந்த தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருக்கும். அதனால் நன்கு கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்க. கேஸ் இல்லையா? குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்கணும். எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்பது பிராண்டுக்கு பிராண்ட் மாறும், கவரைப் படிக்காமல் போடாதீங்க. வெள்ளம் புகுந்த சம்ப்பை முழுசா இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர் பிடிக்கணும். பிளீச்சிங் பவுடருடன் டாய்லெட் ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுத் திணறிவிடும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் முதல் மருந்து. பாக்கெட் இல்லையென்றால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கண் அளவில் போடாதீங்க. குழந்தை சோர்ந்து படுத்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

காய்ச்சல் வந்தா?

தண்ணீரில் நடந்த சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சின்னப் புண் வழியாகவே உள்ளே போய்விடும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவில் இது உயிர்களைப் பறித்தது. முன்தடுப்பாக டாக்ஸிசைக்ளின் மாத்திரையை அரசே வழங்கியது. டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கி விழுங்குவது தப்பு. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பொதுவாக அது கொடுக்கப்படுவதில்லை. பூட்ஸ் இல்லாவிட்டால் புண்ணை பிளாஸ்டிக்கால் மூடியாவது இறங்குங்க.

டெங்கு கொஞ்சம் பின்னால் வரும். டயர், தேங்காய் ஓடு, மொட்டை மாடி வாளி என எதில் தண்ணீர் நின்றாலும் ஒரு வாரம், பத்து நாளில் கொசு ரெடி. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும்தான்; ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

தெருவில் யார் யார்?

இது ஒரு வீட்டு வேலை இல்லை. தனியாக இருக்கும் பெரியவர், படுக்கையில் இருப்பவர், ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர், கர்ப்பிணி என தெருவுக்கு ஒரு பட்டியல் ஒரே ஒரு நோட்டில் இருந்தால் போதும், மீட்க வருபவர்கள் வீடு வீடாகக் கதவு தட்ட வேண்டியதில்லை. அங்கன்வாடி ஊழியருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் பாதி விவரம் ஏற்கெனவே தெரியும், அவர்களிடம் கேட்டே தொடங்கலாம்.

ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மாநில பேரிடர் உதவிக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913. செல்போனில் சார்ஜ் போயிடும் என்பதால், இந்த நம்பர்களை காலண்டர் அட்டையிலும் எழுதி வைத்துவிடுங்க.