நிலைமாற்றும் சார்பு: ஒருமுறை எழுதிப் பலமுறை பயன்படுத்தல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் உப செய்நிரலின் வரைவிலக்கணத்தை மனனம் செய்து எழுதுவோர் பலர். அது ஏன் தேவை என வினவினால் பேனை நின்றுவிடும். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

1991 இல் பிராம் மூலெனார் வெளியிட்ட விம் ஓர் உரைத்திருத்தி ஆகும். நோட்பாட் போன்றதே, ஆயினும் இதற்கெனத் தனி நிரலாக்க மொழி உண்டு. இதில் வரி இலக்கங்கள் தெரிந்தால் மறைக்கவும், மறைந்திருந்தால் காட்டவும் ஒரே விசையை அமைக்கலாம். மின்குமிழின் ஆளியைப் போன்ற இத்தொழிற்பாடே நிலைமாற்றல். இங்கு பெறுமானம் உண்மை அல்லது பொய் என்பதால் "அல்ல" என்னும் தருக்கச் செயலி போதும்:

நிலை = அல்ல நிலை

ஆனால் திரையின் பின்னணி "ஒளி", "இருள்" என்னும் சொற்களால் குறிக்கப்படுகிறது. சொல்லுக்கு "அல்ல" பொருந்தாது. அதற்கென ஒரு சார்பு, அடுத்த அமைப்புக்கு இன்னொன்று என எழுதிக்கொண்டே போவது வீண் வேலை. மாறும் இரு பெறுமானங்களையும் பரமானங்களாகக் கொடுத்துவிடுக:

சார்பு மறுநிலை(தற்போது, முதல், மற்றது)
  தற்போது = முதல் எனில்
    மற்றது என்பதைத் திருப்புக
  இன்றேல்
    முதல் என்பதைத் திருப்புக
  எனில் முடிவு
சார்பு முடிவு

பின்னணி = மறுநிலை(பின்னணி, "ஒளி", "இருள்") என எழுதினால் திரை மாறும். நமது படகுகளுக்கும் இதே சார்புதான். மறுநிலை(படகு, "குறிகட்டுவான்", "நயினாதீவு") என்பது படகு அடுத்து எத்துறைக்குச் செல்லும் என்பதைத் தரும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான பாதைக்கு இரு பெயர்களை மாற்றினாற் போதும். சார்பில் ஓர் எழுத்தும் மாறாது.

விசை அழுத்திய தடவைகளை எண்ணி, ஒற்றையா இரட்டையா எனப் பார்க்கும் விடைகளும் உண்டு. இது தவறான வழி. பயனர் வேறு கட்டளையால் பின்னணியை மாற்றினால் எண்ணிக்கை பிழைத்துவிடும். துறையில் நிற்பவர் படகு எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்பார். காலையிலிருந்து எத்தனை தடவை ஓடியது என்று எண்ணமாட்டார். எனவே தற்போதைய நிலையையே சோதிக்க வேண்டும்.

மேலுள்ள சார்பிலும் ஒரு வழு மறைந்துள்ளது. நயினாதீவுச் சோடிக்குத் "தற்போது" ஆக "நெடுந்தீவு" எனக் கொடுத்துப் பாருங்கள். அது முதலாம் பெயர் அன்று. ஆகவே "இன்றேல்" பகுதி சத்தமின்றிக் "குறிகட்டுவான்" எனத் திருப்பும். தவறான உள்ளீடு சரியான விடைபோல வெளிவருகிறது!

பயிற்சி: "தற்போது" இரு பெயர்களுள் எதுவும் அல்லாதபோது "வழு" எனத் திருப்புமாறு சார்பை மாற்றி, அதற்கான பாய்ச்சற் கோட்டுப்படத்தை வரைக.