கண்ணாடி போலத் தெளியும் பீங்கான்

காளஹஸ்தியில் ராகு-கேது பூஜை முடித்துத் திருப்பதி திரும்பும் வழியில் ஏர்ப்பேடு. ஐ.ஐ.டி.யும் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனமும் அந்தப் பக்கம்தான். திருப்பதியைத் தாண்டிச் சித்தூர் சாலையில் போனால் காதங்கி. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 1998-ல் இந்திய-ஜப்பான் கூட்டு முயற்சியில் ஒரு லைடார் அமைந்தது. இரவில் வானத்துக்குப் பச்சை லேசரை அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியைக் கொண்டு மேல்காற்றின் வெப்பநிலையை அளக்கும் கருவி அது. அதன் உயிர்நாடி, யிட்ரியம்-அலுமினியம் ஆக்சைடான 'யாக்' படிகத்தில் கலந்த சிறிதளவு நியோடிமியம். அது தரும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கினால் 532; அதுதான் அந்தப் பச்சை.

யாக் படிகம் வளர்க்க 1,900 டிகிரிக்கு மேல் உருக்கி, நாள்கணக்கில் மெல்ல இழுத்தெடுக்க வேண்டும். அதையே தூளாக அழுத்தி, உருகவிடாமல் சூளையில் சுட்டால்? வழக்கமான முறையில் வெள்ளைப் பீங்கான்தான் வரும். துகள்களுக்கு இடையே சிக்கிய நுண்துளை ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும். பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு துளை மிஞ்சினாலே தெளிவு கெடும். மிகத் தூய தூளும் வெற்றிடச் சூளையும் கைகூடியபோது வழி பிறந்தது: 1995-ல் ஜப்பானின் அகியோ இகெசுவே குழு, படிகத்துக்கு நிகராக லேசர் தரும் யாக் பீங்கானைச் செய்துகாட்டியது. யாக்கின் கனசதுர அமைப்பும் கைகொடுத்தது. உள்ளிருக்கும் மணிகள் எந்தப் பக்கம் திரும்பி அமர்ந்தாலும் ஒளிவிலகல் ஒன்றே என்பதால், மணி எல்லைகளில் ஒளி தடுமாறுவதில்லை.

நியோடிமியத்தின் இடத்தில் சீரியம் வைத்தால் யாக், கதிர்வீச்சை ஒளியாக மாற்றும் சின்டிலேட்டர் ஆகிவிடும். எக்ஸ் கதிர் பட்டுக் கிளம்பும் எலக்ட்ரான்களின் ஆற்றலைச் சீரியம் வாங்கி, நொடியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் மஞ்சள் கலந்த பச்சை ஒளியாக வெளிவிடும்.

சி.டி. ஸ்கேன் இயந்திரங்கள் பலவற்றின் சுழல்வளையத்தில் இருப்பவையும் சின்டிலேட்டர்கள்தான்: பிரசியோடிமியம் கலந்த கடோலினியப் பீங்கான் துண்டுகள். அங்கே பளிச்சென்று ஒளிர்ந்தால் மட்டும் போதாது, உடனே அணையவும் வேண்டும். படிகக் குறைகளில் மாட்டிய எலக்ட்ரான் தாமதமாக விடுபட்டால் ஒளி பின்தங்கி, ஒரு கோணத்தின் பதிவு அடுத்த கோணத்தின் மேல் படியும். அதை அடக்கத் துளியளவு சீரியம் சேர்க்கிறார்கள். கொஞ்சம் கூடினாலும் மொத்த ஒளியே குறைந்துவிடும். இந்தத் துறையின் உண்மையான திறமை அந்தத் துளியில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் இத்துறையில் வேலை நடக்கிறது. திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி.கே. ஜெயசங்கர் குழு, அருமண் தனிமங்கள் கலந்த கண்ணாடிகளின் ஒளிப்பண்புகளைப் பல்லாண்டு ஆராய்ந்திருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் யாக் இனத்தைச் சேர்ந்த, சீரியம் கலந்த கார்னெட் படிகங்களை வளர்க்கிறது, ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் ஒளி ஊடுருவும் பீங்கான்களில் உழைக்கிறது. சீரியமும் நியோடிமியமும் மணவாளக்குறிச்சி மோனசைட் மணலிலேயே உண்டு. நவீனச் சின்டிலேட்டர்கள் கேட்கும் லுட்டீசியம்தான் அதில் மிக அரிது. ஆகவே லுட்டீசியம் தேவைப்படாத கலவைகளுக்கான தூய தூளை இங்கேயே தயாரிப்பதில் முதலில் பணம் போட வேண்டும்.