நாற்பதோடு நின்றுபோன பெயர்கள்

புதுச்சேரி - கடலூர் சாலையில், தவளக்குப்பம் நான்குமுனைச் சந்திப்பில் காலை எட்டு மணிக்கு நின்று ஒரு டீ குடித்துப் பாருங்கள். பாண்டி பஸ்ஸுக்கு நிற்கும் பிளஸ் டூ பையன், அம்மாவின் போன் வந்தால் கட் செய்கிறான். கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண், ஒரு கையில் டிபன் பையும் மறு கையில் மாமியாரின் மாத்திரைச் சீட்டுமாக, போனில் யாரிடமோ எரிந்து விழுகிறார். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் பேப்பரின் ஒரே பக்கத்தை அரை மணி நேரமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஊர் தீர்ப்பு ரெடியாக இருக்கும். பையனுக்குத் திமிர். அந்த அம்மா சிடுமூஞ்சி. "பெரியவருக்கு வயசாயிடுச்சி, அப்படித்தான் இருப்பாரு." வயதுக்கு வயது உடம்பு மாறுவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. மனசும் மாறுகிறது என்பதுதான் மறந்துபோகிறது.

சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொன்ன நம் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவத்தைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாகப் பிரித்தன. ஐந்து வயதில் தொடங்கும் கணக்கு நாற்பதில் முடிந்துவிடும். அதற்கு மேற்பட்ட வயதில் தலைவனின் வீதி உலாவைப் பார்க்க வருபவளுக்குப் பெயரே இல்லை! இன்று நாற்பதைத் தொட்டவருக்கு இன்னும் முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்க்கை மிச்சமிருக்கிறது. மனோதத்துவ அறிஞர் எரிக் எரிக்சன் 1950இல் எழுதிய நூலில்தான் குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை எட்டுக் கட்டங்களாக மனவளர்ச்சி தொடர்கிறது என்றார். பிறகு அவரே 1918 அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை எடுத்துக்கொண்டு, அப்போது 48 வயதிலிருந்த காந்தியின் மனம் எப்படி முதிர்ந்தது என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1970இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ராத்தூக்கம் வராத பிள்ளை

வளரிளம் பருவம் என்பது 10 முதல் 19 வயது வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. பதினொரு மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருப்பதற்குச் செல்போன் மட்டும் காரணமில்லை. ஆனால் செல்போன் அதை இரண்டு மணி ஆக்கிவிடும்.

மூளையில் ஆசை, பயம், கோபம் சார்ந்த பகுதிகள் முந்திக்கொள்கின்றன. யோசித்துப் பிரேக் போடும் முன்மூளை இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுமை பெறுகிறது. பின்னால் நண்பன் உட்கார்ந்திருந்தால் கடலூர் சாலையில் பைக் பறப்பது அதனால்தான். கத்துவதால் முன்மூளை சீக்கிரம் வளராது.

கதவைச் சாத்திக்கொள்வது, எதிர்த்துப் பேசுவது எல்லாம் இந்த வயதின் இயல்பு. விளையாட்டும் நண்பர்களும் வேண்டாமென்று இரண்டு வாரத்துக்கு மேல் ஒதுங்கினால், மார்க் திடீரெனச் சரிந்தால், கையில் கீறல் தெரிந்தால் அது இயல்பு அல்ல. பெரியவர்களிடம் காணும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்

முப்பதில் தொடங்கி ஐம்பத்தைந்து வரை உள்ளவர்களை யாரும் விசாரிப்பதில்லை. மேலே பெற்றோர், கீழே பிள்ளைகள், மாதம் பிறந்தால் லோன். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்துத் தூக்கக்கேடும் உடம்புச் சூடும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. அதைத்தான் சிடுமூஞ்சி என்று சொல்லிவிடுகிறோம்.

ஆண்களின் கதை வேறு. அழுதால் அசிங்கம், குடித்தால் அசிங்கமில்லை என்று ஒரு சட்டம் இருக்கிறது. புதுச்சேரியில் சாராயக்கடையைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. "தூக்கத்துக்காகக் கொஞ்சம்" என்று தொடங்கும் குடி, பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் மனச்சோர்வைக் கூட்டுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022இல் லட்சம் பேருக்குத் தற்கொலை இந்திய அளவில் 12.4, புதுச்சேரியில் 29.7. சின்ன ஊர், பெரிய எண். இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

வயசானால் எல்லாமே மறக்குமா?

முதுமை பற்றித்தான் நம்மிடம் தப்பான எண்ணம் அதிகம். வேகமாகக் கணக்குப் போடுவது, புதுப் பெயரை நினைவில் வைப்பது எல்லாம் தளரும். சொல்வளமும் அனுபவ அறிவும் அறுபது தாண்டியும் நிற்கும். மனக் கொந்தளிப்பு இளம் வயதைவிடக் குறைவதும் உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்ட சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

எங்கள் தெருவில் ஓர் ஆயா. நல்லவாட்டிலிருந்து வரும் மீன்கூடையை நிறுத்தி, ஐந்து ரூபாய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுவார். ஒரு வருஷமாகத் திண்ணைக்கே வரவில்லை. கேட்டதற்கு ஏதோ பதில் சொன்னார். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். கடைசியில் காது மந்தம். மிஷின் வைத்த இரண்டாவது மாதம் மீன்காரம்மாவோடு மறுபடி சண்டை. தெருவுக்கே சந்தோஷம். கேட்காத காது மனிதரைத் தனிமையில் தள்ளும். டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கான வாய்ப்பையும் கூட்டும்.

அந்த நோய் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அப்படியானால் பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது. சாவி எதற்கு என்று விழிப்பதும், தினம் போகும் தெருவில் வழி தவறுவதும் நோய். இன்னொன்று, முதியவர் "மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். முட்டி வலி, வயிறு சரியில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு என்றுதான் சொல்வார். மனச்சோர்வு பல சமயம் அந்த வடிவில்தான் வரும். தைராய்டு, பி12 குறைவு ஆகியவையும் மறதி நோய் போலத் தோன்றும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

எங்கே போவது?

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, இதே கடலூர் சாலையில் தெற்கே கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கேயும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். போகக் கூச்சமா? 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவையின் 14416 எண்ணை அழையுங்கள். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. முதியவர்களுக்கான உதவி எண் 14567. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், பிறகு அந்த டீக்கடைப் பெரியவரிடம், "என்ன தாத்தா, ராத்திரி தூங்கினீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.