காடு பத்தின நிலம்

குடாநாட்டில் ஆதிக்காடு என்று விரல் நீட்டிக் காட்ட அதிகம் இல்லை. களப்போரக் கண்டலையும் சில பற்றைகளையும் விட்டால், நாம் காணும் பச்சை பெரும்பாலும் மனிதர் நட்டதோ வெட்டாமல் விட்டதோதான். வேலிக்குப் பூவரசும் கிளுவையும் வைத்தார்கள். புகையிலைத் தோட்டத்தில் தாழ்க்கக் குழை வெட்டினார்கள். மணற்காட்டில் மணலை மறிக்கச் சவுக்கு நட்டார்கள். நெடுந்தீவில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்க மண்ணுக்குரியது. அரபு வணிகர் கொண்டுவந்ததென்று வழக்கு. மன்னார் பள்ளிமுனையிலும் அப்படியொரு கிழமரம் நிற்கிறது.

மனிதர் போனால் என்ன நடக்கும்? அதை அறிய வடக்கு முஸ்லிம்கள் நூல் தேட வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் எங்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். திரும்பி வந்தபோது சோனகத் தெருவில் கூரையில்லாத அறைகளுக்குள் ஆலும் வேம்பும் நின்றன. "ஊடு எங்க வாப்பா, மரம்தானே நிக்குது" என்று என் மகள் கேட்டாள்.

நகரத்தில் மரத்தைத் தறித்துவிட்டுக் குடியேறலாம். மன்னாரின் முசலிப் பகுதியில் அது முடியவில்லை. கொண்டச்சியும் மரிச்சுக்கட்டியும் முத்துக்குளிப்புக் காலங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடிய கரைகள். அங்கேயும் இருபது வருடம் ஆளில்லை, காடு பத்தியது. 2012இல் ஒரு வர்த்தமானி, 2017 மார்ச் 24இல் மாவில்லுப் பேணற்காடு என்று இன்னொன்று. தங்கள் காணிகள் எல்லைக்குள் போய்விட்டன என்று மரிச்சுக்கட்டி, கரடிக்குளி மக்கள் வீதியில் இருந்தார்கள். பக்கத்தில் வில்பத்து இருப்பதால் விடயம் நாடளாவிய சண்டையானது.

வானிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை. தரையில் அப்படியில்லை. பாலையும் வீரையும் மெதுவாக வளர்பவை. அவை முதிர்ந்து நிற்கும் இடம் நெடுங்காலம் கோடரி படாத இடம். கைவிட்ட காணியில் முதலில் ஏறுவது நாயுண்ணியும் முட்பற்றையும். நடுவில் திடீரென்று ஒரு பெரிய புளி நின்றால் அருகே கிணறு தேடுங்கள். வரிசையாய்த் தென்னை நின்றால் கேள்வியே இல்லை. பள்ளிவாசல் அத்திவாரமும் மையவாடியும் அதற்குப் பின்னர்தான் கண்ணில் படும்.

இதைச் சொல்வதால் காடு வேண்டாம் என்றாகாது. எங்களுடைய ஆட்கள் சிலர் பாலைக்காட்டையும் பூர்வீகக் காணி என்று சேர்த்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. வளர்ந்த பாலை வெட்டுப்பட்டால் நம் பேரப்பிள்ளை காலத்திலும் திரும்ப வராது. ஆனால் இருபது வருடப் பற்றையைப் பழங்காடு என்று எழுதுவதும் பொய்தான். வன அதிகாரியும், உறுதி வைத்திருப்பவரும், ஊர்ப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து நடந்து, கிணறு கிணறாக, புளி புளியாக எண்ணிக் குறிக்கட்டும். உறுதி எரிந்தவர்களுக்கு அந்தப் புளிதான் சாட்சி. அந்தக் கிணறுகளை வெட்டினவர்களில் சிலர் இன்னும் புத்தளத்தில் உயிரோடு இருக்கிறார்கள். எல்லாருக்கும் வயது எழுபதுக்கு மேல்.