இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கல்லறை

ஜெருசலேம் நகரில் ஏசுநாதரின் கல்லறை என்று கிறிஸ்தவர்கள் போற்றும் இடத்தின் மேல் ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. அதற்குள்ளே, கல்லறையை மூடினாற்போல் பளிங்கில் ஒரு சின்ன மண்டபம். 1808-ல் தீ விபத்து நேர்ந்து, 1810-ல் புதுப்பித்துக் கட்டியது. 1927-ல் அந்தப் பகுதியில் பூகம்பம் வந்தது. நாளடைவில் மண்டபத்தின் சுவர்கள் வெளிப்பக்கமாகப் பிதுங்கின. அப்போது அங்கே ஆட்சி செய்த ஆங்கிலேயர்கள் 1947-ல் நான்கு புறமும் இரும்பு கர்டர்களை நிறுத்தி இறுக்கிக் கட்டினார்கள். தற்காலிக ஏற்பாடுதான். அந்தத் தற்காலிகம் 2017 வரை, எழுபது வருஷம் நீடித்தது.

பழுதான பாலத்துக்கு முட்டுக் கொடுத்து, வேகக் கட்டுப்பாடு போட்டு வண்டி விடுவது ரயில்வேயில் நாங்கள் செய்வதுதான். எழுபது வருஷம் அப்படி ஓட்டிய டிவிஷனை நான் கேள்விப்பட்டதில்லை.

பணமில்லாமலோ, ஆளில்லாமலோ வேலை நிற்கவில்லை. தேவாலயத்தில் ஆறு கிறிஸ்தவச் சபைகளுக்கு உரிமை உண்டு. கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மீனியர் ஆகிய மூவர் பெரிய பங்காளிகள். காப்டிக், சிரியன், எத்தியோப்பியச் சபைகள் சிறிய பங்காளிகள். யாருக்கு எந்த இடம், எந்த விளக்கு, எந்த வேளைப் பூஜை என்பதெல்லாம் 1852-ல் துருக்கி சுல்தான் பிறப்பித்த ஆணைப்படி உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். வாசல் சாவி இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு குடும்பம் சாவியை வைத்திருக்கும், மற்றது கதவைத் திறந்து மூடும்.

ஒன்றைப் பழுது பார்த்தவனுக்கே அது சொந்தம் என்பது அங்கே பழைய வழக்கு. ஒருவர் ஒரு கல்லை எடுத்து வைத்துப் பூசினால், நாளை அந்தக் கல் தன்னுடையது என்பார். அதனால் மற்றவர் தொட விடமாட்டார். முற்றத்துப் படியை யார் பெருக்குவது என்று 1901-ல் அடிதடி நடந்திருக்கிறது. 2002-ல் கூரை மேல் ஒரு காப்டிக் துறவி வெயிலுக்காகத் தம் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். அது எத்தியோப்பியர் இடமாம். கைகலப்பில் பதினொரு பேருக்குக் காயம். நம் ஊர்களில் பங்காளிகளுக்குள் பொதுச் சுவர் வழக்கு நடந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

2015 பிப்ரவரியில் இஸ்ரேல் போலீஸார் மண்டபம் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சொல்லிச் சில மணி நேரம் அதை மூடிவிட்டார்கள். மூன்று சபைகளும் விழித்துக்கொண்டன. ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை அன்டோனியா மொரோபுலு தலைமையில் ஒரு குழுவை ஆய்வுக்கு அமர்த்தின. 2016 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்தக் குழு முதலில் உளியை எடுக்கவில்லை, அளந்தது. லேசர் கதிரால் மண்டபத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் முப்பரிமாண வடிவம் உண்டாக்கினார்கள். தரை ஊடுருவும் ரேடாரையும் பயன்படுத்தினார்கள். தண்டவாளத்தின் உள்விரிசலைக் கண்டுபிடிக்க நாங்கள் அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போவோமே, கிட்டத்தட்ட அந்த யுக்திதான். இங்கே ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. அலை உள்ளே போய், கல், காரை, வெற்றிடம் என்று பொருள் மாறும் இடத்திலெல்லாம் திரும்பி வரும். பளிங்குக்குப் பின்னால் பழைய குகையின் பாறைச் சுவர் இன்னும் நிற்கிறது என்பது இப்படித் தெரிய வந்தது. நடுவிலிருந்த காரைதான் ஈரத்தில் வலுவிழந்திருந்தது. அடியிலிருந்து ஏறும் ஈரம் போதாதென்று, லட்சக்கணக்கான யாத்ரிகர்கள் விடும் மூச்சின் ஈரமும் மெழுகுவர்த்திப் புகையும் சேர்ந்துகொண்டன. நோய் சுவருக்குள்ளே இருந்தது. வெளியே கர்டர் போட்டது உடைந்த எலும்புக்குக் கட்டை வைத்துக் கட்டியது போலத்தான்.

என் அபிப்பிராயத்தில் சமாதானத்துக்கு உதவியது இந்த அளவைதான். ரயில்வேயில் ஒரு வண்டி தடம் புரண்டால், பாதைக்காரன் சக்கரத்தைக் குறை சொல்வான், சக்கரக்காரன் பாதையைக் குறை சொல்வான். அதனால்தான் எல்லா இலாகாவும் ஒன்றாக நின்று அளந்து ஜாயிண்ட் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்தார்கள். அளவில் ஒப்புக்கொண்ட பிறகு சண்டைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஜெருசலேமிலும் மூன்று சபைத் தலைவர்களும் கூட்டாக வேலையை மேற்பார்த்தார்கள், கூட்டாகப் பணமும் போட்டார்கள். ஜோர்டான் மன்னரும் உலக நினைவுச் சின்ன நிதியமும் உதவின. கூட்டாகப் பழுது பார்த்ததில் யாருக்கும் தனிச் சொந்தம் கிடைக்காது; அதுதான் சூட்சுமம்.

பெரும்பாலும் ராத்திரியில்தான் வேலை. பகலில் யாத்ரிகர் கூட்டம் நிற்கவில்லை. (பிளாக் வாங்கி ராத்திரி வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும்.) பலகைக் கற்களைக் கழற்றி, கெட்ட காரையைச் சுரண்டி, புதுக் காரையை உள்ளே செலுத்தி, டைட்டானியம் போல்ட்டுகளால் இறுக்கினார்கள். 2016 அக்டோபர் 26 அன்று கல்லறையின் மேல் கிடந்த பளிங்குப் பலகையையும் நகர்த்தினார்கள். 1555-க்குப் பிறகு அதுவே முதல் முறை என்கிறார்கள். அறுபது மணி நேரம்தான் திறந்திருந்தது. உள்ளே கிடைத்த காரையின் மணல் துகள்கள் கடைசியாக எப்போது வெளிச்சம் பட்டன என்று ஒளிர்வு முறையில் கணக்கிட்டதில், சுமார் கி.பி. 345 என்று வந்தது. கான்ஸ்டன்டைன் மன்னன் காலத்தில் அங்கே கோயில் எழும்பியது என்ற வரலாற்றோடு இது ஒத்துப் போகிறது. 2017 மார்ச் 22-ல் வேலை முடிந்து, கர்டர்கள் இறங்கின.

இதே ரேடார் நம் நாட்டிலும் வழிபாட்டு இடங்களுக்கு வந்திருக்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் 2003-ல் அயோத்தியிலும், 2023-ல் தொல்லியல் துறை ஆய்வின்போது காசி ஞானவாபியிலும் பயன்படுத்தினார்கள். அங்கே கருவியிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு: "முன்னால் இங்கே இருந்தது யார்?" ஜெருசலேமில் கேட்டது, "எங்கே விரிசல்?" முதல் கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் ஒரு தரப்பு தோற்கும். இரண்டாவது கேள்விக்கு வந்த பதிலில் மூன்று தரப்புக்கும் வேலை இருந்தது. தொல்லியல் முடிவுகளை மட்டும் வைத்து நிலத்தின் உரிமையை முடிவு செய்ய இயலாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 அயோத்தித் தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கிறது. நம் தகராறுகளில் இரண்டாவது வகைக் கேள்வியை அதிகம் கேட்டுப் பார்க்கலாமே என்பது என் ஆசை.

இதனால் அங்கே எல்லாப் பூசலும் தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். கூரை மேல் காப்டிக், எத்தியோப்பியத் துறவிகளின் வழக்குக்கு எந்த ரேடாரும் மருந்தாகவில்லை. வாசலுக்கு மேலே ஜன்னலோரம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே சார்த்தியிருக்கும் மர ஏணியை எடுக்கவும் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். ஆனால் 2018-ல் நகராட்சி வரி கேட்டபோது, மூன்று பெரிய சபைகளும் ஒன்றுகூடித் தேவாலயக் கதவையே மூன்று நாள் அடைத்துவிட்டன. அடுத்து 2022-ல் தேவாலயத்தின் தரைக்கற்களையும் அடியிலுள்ள குழாய்களையும் பகுதி பகுதியாகச் சீர் செய்யும் வேலையைக் கூட்டாகவே தொடங்கினார்கள்.

அங்கே அமைதி திரும்பி, யாத்திரை போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள், கல்லறை அறைக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரைப் பாருங்கள். பளிங்கில் ஒரு சிறு செவ்வகம் வெட்டி விட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பழைய சுண்ணாம்புப் பாறையை அதன் வழியாகப் பார்க்கலாம்.