‘உழுவோம்’ எந்தக் காலம்?

ஸ்பானிய மொழியில் ‘உழுதல்’ என்பதற்கு ‘அரார்’ என்று பெயர். ஒழுங்காகத் திரியும் வினைகளுள் இதுவும் ஒன்று. ஈற்றிலுள்ள ‘ஆர்’ நீங்க, எஞ்சும் பகுதியோடு விகுதிகள் சேரும். உழுகிறேன் என்பதற்கு ‘ஆரோ’; உழுகிறாய், ‘ஆராஸ்’; உழுகிறான், ‘ஆரா’; உழுகிறோம், ‘அராமோஸ்’. (‘ஆரோ’ என்றால் வன்னியில் வேறு யாரோ!) தமிழிற்போலவே விகுதி எழுவாயைக் காட்டிவிடுவதால், ‘நான்’, ‘நாம்’ என்று தனியே கூறவேண்டுவதில்லை. ஆனால் ‘ஆரா’ என்பது ஆண்பாலையும் பெண்பாலையும் பிரித்துணர்த்தாது.

நேயர்கள் கருத்தூன்ற வேண்டிய இடம் இறந்தகாலம். ஸ்பானியத்தில் அஃது இருவகைப்படும். நேற்று ஒருமுறை உழுது முடித்தேன் என்றால் ‘அரே’. முன்னாளில் வழக்கமாக உழுதுவந்தேன் என்றால் ‘அராபா’. 1492இல் நெப்ரிஹா அம்மொழிக்கு இலக்கணம் வகுத்தபோது, நன்னூல் தோன்றி இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நம் இலக்கணம் காலத்தை மூன்றென வகுத்தது. வழக்கத்துக்கெனத் தனிக் காலம் வகுக்கவில்லை.

வழக்கத்தை நாம் எவ்வாறு உணர்த்துகிறோம்? இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்த முதியவர், “முந்தி நாங்கள் மாடு பூட்டித்தான் உழுவம்” என்பார். ‘உழுவம்’ என்பது ‘உழுவோம்’ என்பதன் பேச்சுவடிவம். அதிலுள்ள வகர இடைநிலை எதிர்காலத்துக்குரியது. பொருளோ கழிந்துபோன வழக்கம். இதனை ஸ்பானியத்தில் ‘அராபமோஸ்’ என்றே பெயர்க்கவேண்டும். ‘அரரேமோஸ்’ என்றால் இனிமேல் உழப்போகிறோம் என்றாகிவிடும்.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. 2017இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு மக்கள், இராணுவத்தின் பிடியிலிருந்த தம் காணிகளை விடுவிக்கக் கோரித் தொடர்ந்து போராடினர். அத்தகைய நிலையிலுள்ள ஒருவர், “காலபோகத்துக்கு அந்த வயலை உழுவம்” என்று அயல்நாட்டாரிடம் கூறுவதாகக் கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் ‘அரரேமோஸ்’ என்று எழுதினால், இழந்த வயல் இன்னும் அவர் கையில் இருப்பதாக ஆகிவிடும். ‘முந்தி’ என்னும் ஒரு சொல் வாக்கியத்தில் இல்லாதபோது, ‘எப்போது?’ என்று கேட்டறிந்த பின்னரே பெயர்த்தல் வேண்டும்.

இனி, விருப்பமும் ஐயமும் காட்டும் வடிவம் ஒன்று உண்டு. ‘அராமோஸ்’ என்பதன் நடு ஆகாரம் ஏகாரமாகி ‘அரேமோஸ்’ என வரும். நாம் உழவேண்டுமென ஒருவன் விரும்புகிறான் என்னுமிடத்தில் இதுவே வரும். நமது வியங்கோள் இதற்கு ஓரளவே அணுக்கமானது.

“மழை பெய்ததும் உழுவம்” என்பதைப் பாருங்கள். இன்னும் பெய்யாத மழையை நாம் இறந்தகால வடிவிற் சொல்கிறோம். ஸ்பானியரோ மழைக்கு அந்த ஐய வடிவத்தைக் கொடுத்து, உழவுக்கு மட்டும் ‘அரரேமோஸ்’ என்று உறுதியான எதிர்காலத்தைக் கொடுப்பர்.