முள் பயம் வேண்டாம்... எண்ணெயில் பொரிக்காத கொடுவா ரெடி!

ஆரம்பாக்கம்:
பழவேற்காடு ஏரி மீன் என்றால் நம்ம ஆரம்பாக்கம் பக்கம் குழம்பு, வறுவல்தான். ஆனால் முள்ளுக்கு பயந்து குட்டீஸ் தட்டை தள்ளிவிட்டால்?

கொடுவாவில் சதை அதிகம், பொடி முள் குறைவு. வாங்கும்போதே நடுமுள்ளை எடுத்து துண்டு போடச் சொல்லுங்கள். வீட்டில் விரலால் தடவிப் பார்த்து, மிச்சம் மீதி முள்ளையும் பிடுங்கிடுங்க.

ஈரத்தை துணியால் ஒற்றி மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை சாறு, 1 ஸ்பூன் எண்ணெய் தடவி 15 நிமிடம் ஊறவிடுங்கள். 200 டிகிரி சூடேறிய ஓவனில், முக்கால் அங்குல தடிமன் துண்டு 12 முதல் 15 நிமிடத்தில் வெந்துவிடும்.

ஓவன் இல்லையா? கவலையே வேண்டாம். வாழை இலையில் சுற்றி, தோசைக்கல்லில் மூடி போட்டு, சிறு தீயில் இரண்டு பக்கமும் 7 நிமிடம் வையுங்கள்.

சதை வெள்ளையாகி, கரண்டி பட்டதும் இதழ் இதழாக பிரிந்தால் இறக்கிடலாம். அதுக்கு மேல விட்டால் சக்கைதான்!